கேமரா எந்தப் பக்கம் நின்றது? ‘தி வேர்ல்ட் அட் வார்’ தொடர்: ஒரு மதிப்பீடு

போரைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்று தேறுமா தேறாதா என்பதை முதல் பகுதியிலேயே ஓரளவு கணித்துவிடலாம். அகழியிலிருந்து ஏறிச் சிப்பாய்கள் தாக்கப் புறப்படும் காட்சி வரும்போது, அவர்களுடைய முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா என்று பாருங்கள். முகம் தெரிந்தால், படம்பிடித்தவர் எதிரியின் துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டவெளியில் முக்காலி போட்டு நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றவர் பிலிம் சுருளோடு ஊர் திரும்பியிருக்க மாட்டார். 1916-ல் சோம் போர்முனையைப் பற்றிப் பிரிட்டன் வெளியிட்ட படத்தில், அகழியைவிட்டு ஏறும் அந்தப் புகழ்பெற்ற காட்சி போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் எடுத்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் அதை அசல் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரிலும் இந்த வேலை தாராளமாக நடந்திருக்கிறது. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளைத்த இரண்டு சோவியத் படைகள் கலாச் அருகே சந்தித்து, பனியில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. சந்திப்பு உண்மை. காட்சி, கேமராவுக்காகப் பிறகு மறுபடி நடித்துக் காட்டியது. எகிப்தின் எல் அலமைனில் நடந்த இரவுப் பீரங்கித் தாக்குதலைக் காட்டும் பிரித்தானியப் படத்தில், வெடியொளியில் மின்னும் முகங்கள் சில லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் பிடித்தவை. பேர்ல் ஹார்பர் தாக்குதல் என்று ஓடும் துண்டுகளில் பல, 1943-ல் வெளிவந்த அமெரிக்கக் கடற்படைப் படம் ஒன்றுக்காகப் பின்னர் படமாக்கியவை. இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. எது அசல், எது நடித்தது என்று பார்ப்பவருக்குச் சொல்லாமல் ஒட்டிவிடுவதுதான் தப்பு.

இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதம் காட்டியதால்தான் 1973-ல் வந்த, இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ‘தி வேர்ல்ட் அட் வார்’ இன்றும் அளவுகோலாக நிற்கிறது. தேம்ஸ் தொலைக்காட்சி தயாரித்து, பிரிட்டனின் ஐடிவியில் 1973 அக்டோபர் 31 முதல் 1974 மே 8 வரை ஓடியது. 26 பகுதிகள், பகுதிக்குச் சுமார் 52 நிமிடம், மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். தயாரிப்பாளர் ஜெரமி ஐசக்ஸ், வர்ணனை லாரன்ஸ் ஒலிவியர், இசை கார்ல் டேவிஸ். நாலு வருட உழைப்பு. செலவு சுமார் 9 லட்சம் பவுண்டு, அன்றைய பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு அது மலைக்க வைக்கும் தொகை. தலைமை வரலாற்று ஆலோசகராக இருந்த நோபுள் ஃபிராங்க்லண்ட், லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இயக்குநர். படச்சுருள்களின் பெரும் களஞ்சியமே அவர் கையில் இருந்தது.

அவருக்கு ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. 1964-ல் பிபிசி முதல் உலகப் போரைப் பற்றி ஒரு தொடர் எடுத்தது. அதுவும் 26 பகுதி, அதுவும் இதே மியூசியத்தின் துணையோடு. அதில் நடித்துக் காட்டிய காட்சிகளையும் அசலையும் குறிப்பில்லாமல் கலந்துவிட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சண்டை போட்டார். நேசநாட்டுப் படை எப்போதும் ஒரே திசையில், ஜெர்மன் படை எதிர்த்திசையில் போவதுபோலத் தோன்ற வேண்டும் என்று சில துண்டுகளை இடவலமாகத் திருப்பியும் போட்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிய காட்சியைக் கண்டுபிடிப்பது எளிது: அந்தக் காலத் துப்பாக்கிகளின் போல்ட் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். பட்டாளமே இடது பக்கம் போல்ட்டை இழுத்தால் சுருள் திரும்பியிருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததால்தான் ‘தி வேர்ல்ட் அட் வார்’ படச்சுருள் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தது. எந்த இடம், எந்த மாதம் என்று வர்ணனை சொல்கிறதோ, கூடுமானவரை அந்த இடத்தில், அந்தக் காலத்தில் எடுத்த சுருள்தான் ஓடும். இருபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு பிசகும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பின்னால் வந்த தொடர்கள் பலவற்றோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அந்தத் தொடர்களில் வழக்கமாகக் கண்ணில் படும் கோளாறுகள் இவை. 1940 பிரான்ஸ் படையெடுப்பைச் சொல்லும்போது ஜெர்மனியின் டைகர் டாங்கி உருண்டு வரும். அது 1942-ன் பிற்பகுதியில்தான் லெனின்கிராட் அருகே முதன்முதலாகக் களம் இறங்கியது. ஸ்டாலின்கிராடில் 85 மி.மீ. பீரங்கி பொருத்திய பெரிய கோபுரத்தோடு சோவியத் டாங்கியான டி-34 வரும். அந்த ரகம் 1944-ல் வந்தது. ஜெர்மன் டாங்கியான பான்தர் தெரிந்தால் அந்தக் காட்சி 1943 ஜூலை குர்ஸ்க் போருக்கு முந்தையதாக இருக்க முடியாது. இதையெல்லாம் கவனிப்பது டாங்கிப் பைத்தியங்களின் வேலை என்று தள்ளிவிட வேண்டாம். டாங்கியையே சரிபார்க்காதவர், சாட்சியைச் சரிபார்த்திருப்பார் என்று எதை வைத்து நம்புவது?

இதைவிட மோசமான கலப்படம் ஒன்று உண்டு. ஆஷ்விட்ஸ் நச்சுவாயு அறைகளைப் பற்றி வர்ணனை ஓடும்போது, புல்டோசர் பிணக்குவியலைத் தள்ளும் காட்சியைப் போடுவார்கள். அது 1945 ஏப்ரல் 15-ல் பிரித்தானியப் படை நுழைந்த பெர்கன்-பெல்சன் முகாம். அங்கே கிடந்தவர்கள் பெரும்பாலும் பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் மாண்டவர்கள். இரண்டும் நாஜிக் கொடூரமே. ஆனால் இடத்தை மாற்றிக் காட்டினால், நடந்ததையே மறுக்கிறவர்கள் கையில் நாமே கத்தியைக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. அசல் சுருளே பொய் சொல்லும். ஜெர்மன் காட்சிகளில் பெரும்பகுதி அவர்களுடைய பிரசாரப் படைப்பிரிவுகள் எடுத்து வாராந்தரச் செய்திப்படத்துக்கு அனுப்பியவை. டாங்கி வரிசை, மோட்டார் சைக்கிள், சிரிக்கும் இளைஞர்கள். இதையே ஒட்டித் தொடர் எடுத்தால், ஹிட்லரின் படை முழுக்க இயந்திரமயம் என்ற, அவருடைய பிரசார அமைச்சர் கோயபல்ஸின் பிரசாரம் எண்பது வருடம் கழித்தும் ஓடிக்கொண்டே இருக்கும். 1941 ஜூனில் சோவியத்துக்குள் நுழைந்த அந்தப் படையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. காலாட்படையில் பெரும்பங்கு நடந்தே போனது. சோவியத் ரயில் பாதை ஐரோப்பிய அகலமான 1,435 மி.மீ.ஐவிடச் சுமார் 9 செ.மீ. கூடுதல், பாதையை மாற்றி அடிக்காமல் ஜெர்மன் வண்டி ஓடாது. மாஸ்கோ வாசலில் குளிர்கால உடை போய்ச் சேராததற்குப் பனி மட்டும் காரணமில்லை, இந்த ரயிலும் காரணம். ஒரு தொடர் ‘பார்பரோசா’ எனப் பெயரிட்ட இந்தத் தாக்குதலைச் சொல்லும்போது குதிரையும் தண்டவாளமும் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால், போர் எப்படி நடந்தது என்பதை அது சொல்லப் போவதில்லை, வெடிச்சத்தம்தான் மிச்சம்.

வரைபடங்களிலும் இதே கதை. அம்புக்குறி சீறிப் பாய்வது கண்ணுக்கு அழகு. வட ஆப்பிரிக்கப் போரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அளவு போதும்: திரிபோலியிலிருந்து எல் அலமைன் வரை ஏறத்தாழ 2,000 கி.மீ. ஜெர்மன் தளபதி ரொம்மல் முன்னேற முன்னேற அவருடைய பெட்ரோல் லாரிகளே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தன. இந்தத் தூரத்தைக் காட்டாத வரைபடம் வெறும் அலங்காரம். ‘தி வேர்ல்ட் அட் வார்’ வரைபடங்கள் எளிமையானவை, இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் ஏழ்மையாகக்கூடத் தெரியும், ஆனால் குழப்புவதில்லை.

இந்தத் தொடரின் உயிர், பேசுகிறவர்களிடம் இருக்கிறது. பெரிய தலைகளைத் தேடிப் போகாதீர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த உதவியாளர்களையும் சாதாரண ஆட்களையும் பிடியுங்கள் என்பது ஐசக்ஸ் தன் குழுவுக்குச் சொன்ன வழி. காரணம் தெளிவு. தளபதிகளும் அமைச்சர்களும் நினைவுக்குறிப்பு எழுதி, அதையே ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி, வாசகங்களை வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். செயலாளர், ஓட்டுநர், மாலுமி, வீட்டில் இருந்த பெண் ஆகியோரை முதல் தடவையாக யாரோ கேட்கிறார்கள். ஹிட்லரின் உயிலைத் தட்டச்சு செய்த டிராடல் யுங்கே பேசுவதைக் கேட்டால் புரியும். பெரியவர்களும் வராமல் இல்லை: ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர், ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் அட்மிரல் டூனிட்ஸ், பிரித்தானிய வெளியுறவு அமைச்சராக இருந்த ஆன்டனி ஈடன், மவுண்ட்பேட்டன். ஹாலிவுட் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்கூட வருகிறார், நடிகராக அல்ல, ஜெர்மனி மேல் பறந்த குண்டுவீச்சு விமானியாக.

இருபதாவது பகுதியான ‘ஜெனோசைட்’ (இனப்படுகொலை) இந்த வழிமுறையின் உச்சம். நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் வலது கையாக இருந்த எஸ்.எஸ். ஜெனரல் கார்ல் வோல்ஃப் கேமரா முன் உட்கார்ந்து, 1941 ஆகஸ்டில் மின்ஸ்க் அருகே ஹிம்லர் முன்னிலையில் நடந்த துப்பாக்கிக் கொலையை விவரிக்கிறார். குரல் உயர்வதில்லை. ஹிம்லர் தடுமாறியதையும் தான் அவரைத் தாங்கிப் பிடித்ததையும் சொல்லும்போது அவர் முகத்தில் ஏறக்குறைய ஒரு பெருமிதம். இயக்குநர் மைக்கேல் டார்லோ அங்கே இசையைப் போட்டு நம்மை அழச் சொல்லவில்லை. வர்ணனையும் குறுக்கே வந்து இவர் கொடியவர் என்று விளக்கவில்லை. பேச விட்டுவிட்டார். ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய ருடால்ஃப் வர்பா போன்றவர்களின் சாட்சியமும் அதே பகுதியில் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் பேச விடும் இந்த முறையே ஷ்பேர் விஷயத்தில் தொடரின் காலை வாரிவிட்டது. படித்த, நிதானமான, வருந்துகிற ஜெர்மானியராக அவர் பகுதி பகுதியாக வருகிறார். யூத அழிப்பு தனக்குத் தெரியாது என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கக் காப்பாற்றிய நிலை. 1943 அக்டோபரில் போசனில் ஹிம்லர் அதை வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தான் இருந்ததாக 1971-ல் அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். கடிதம் 2007-ல்தான் வெளியே வந்தது. தயாரிப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று பார்ப்பவர்கள் ஷ்பேர் வரும் இடமெல்லாம் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

காலத்தால் விழுந்த ஓட்டைகள் வேறு சிலவும் உண்டு. பத்தாவது பகுதி அட்லாண்டிக் நீர்மூழ்கிப் போரைப் பற்றியது. 1943 மே மாதம் மட்டும் 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து டூனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து படையைப் பின்வாங்கியதற்கு, பத்து சென்டிமீட்டர் அலைநீள ரேடார், நெடுந்தூர லிபரேட்டர் விமானங்கள், கான்வாய்களோடு (சரக்குக் கப்பல் கூட்டங்களோடு) போன சிறிய விமானந்தாங்கிகள் எல்லாம் காரணம். கூடவே, பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைத்ததும் காரணம். அந்த ரகசியம் பொதுவெளிக்கு வந்தது 1974-ல், இந்தப் பகுதி ஒளிபரப்பாகி முடிந்த பிறகு. சோவியத் ஆவணங்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. அந்தத் தரப்பு மனிதக் குரல்கள் தொடரில் மிகக் குறைவு. அன்று எல்லாரும் சொன்ன சோவியத் இறப்பு எண்ணிக்கை 2 கோடி. 1990-ல் மாஸ்கோவே அதை 2.66 கோடியாகத் திருத்தியது. சீனாவுக்கு என்று தனிப் பகுதி இல்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்த போர், பதினான்காவது பகுதியில் வருகிறது: பர்மா, 1942 முதல் 1944 வரை. மழை, அட்டை, மலேரியா, காட்டுப் பாதை, இவற்றைக் காட்டுவதில் குறையில்லை. ஆனால் பேசுவோர் பெரும்பாலும் பிரித்தானியர். இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்த பிரித்தானியப் பதினான்காம் படையில் பெரும்பங்கு இந்தியர்கள். போர் முடியும்போது இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் கொண்டது. அவர்கள் இங்கே காட்சியாக இருக்கிறார்கள், குரலாக இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த 415 கி.மீ. தடத்தில் ஆயிரக்கணக்கில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களின் கதைக்கு இந்தத் தொடரில் தேடிப் பயனில்லை. லண்டனில் உட்கார்ந்து பார்த்த போர் இது என்பதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, பதினெட்டாவது பகுதி ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்பதை ஒரே ஒரு நாட்டை வைத்துச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பா முழுக்கச் சுற்றாமல் ஹாலந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் மக்கள் யூதர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே நாட்டில்தான் அரசு ஊழியர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள், ரயில் ஓடியது. துரோகி, தியாகி என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத கோடிக்கணக்கான பேர் என்ன செய்தார்கள் என்று கேட்கும் போர்த் தொடர்கள் மிகச் சில. கைவசம் இருக்கும் நேரத்தை விரிப்பதில் செலவிடாமல் ஆழத்தில் செலவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த ஒரு மணி நேரம் போதும்.

வேறு தொடர்கள்? 2009-ல் பிரான்சிலிருந்து வந்த ‘அபோகலிப்ஸ்’ ஆறு பகுதி. கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு வண்ணமேற்றியது. புதியவர்களை உட்கார வைக்கும் என்பது உண்மை. ஆனால் போர்க்காலத்திலேயே எடுத்த நிஜ வண்ணச் சுருள்கள், பசிபிக்கில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய கோடாகுரோம் போன்றவை, எக்கச்சக்கமாக இருக்கின்றன. எது அசல் வண்ணம், எது கணினி பூசியது என்று பார்ப்பவருக்குப் பிரித்துக் காட்டாத வரை, வண்ணமும் ஒரு நடிப்புக் காட்சிதான். 2017-ல் கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த ‘தி வியட்நாம் வார்’ பத்துப் பகுதி, பதினேழு மணி நேரத்துக்கு மேல். சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஐசக்ஸின் வழியை இன்னும் நீட்டித்துக்கொண்டு போனது. வட வியட்நாம் சிப்பாயும் தென் வியட்நாம் அதிகாரியும் அமெரிக்கத் தாயும் ஒரே சம்பவத்தை மூன்று பக்கத்திலிருந்து சொல்வார்கள். இன்று எடுப்பவர்களுக்கு 1945-ன் சாட்சி கிடைப்பது அரிது. அன்று 18 வயதானவருக்கு இன்று நூறை எட்டும் வயது. அதனாலேயே 1970-களில் எடுத்த இந்தப் பேட்டிகளின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது படத்தின் அகலம். தொடர் எடுக்கப்பட்டது பழைய 4:3 சட்டகத்தில். 2010-ல் வந்த ப்ளூ-ரேயில் அகலத்திரை டிவிக்காக 16:9 ஆக மாற்றினார்கள். கணக்குப் போட்டால், உயரத்தில் சரியாகக் கால்வாசி போய்விட்டது. பேசுகிறவரின் நெற்றி வெட்டுப்படும். கூட்டக் காட்சியில் மேலே தெரியும் கொடியோ, கீழே கிடக்கும் உடலோ காணாமல் போகும். சுருளைத் திருப்பிப் போட்டதற்குச் சண்டை போட்ட மியூசியத்தோடு எடுத்த தொடருக்கு இந்தக் கதி வந்தது கொடுமை. பிறகு 4:3-லேயே மீட்டெடுத்த பதிப்பும் வந்தது; அட்டையின் பின்புறம் 1.33:1 (அதாவது 4:3) என்று இருந்தால் தயங்காமல் வாங்கலாம், 1.78:1 (16:9) என்றால் வைத்துவிடுங்கள். இணையத்தில் பார்ப்பவர்களுக்கு அட்டை கிடையாது. படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். திரை முழுக்க நிறைந்திருந்தால், மேலும் கீழும் வெட்டிய பிரதி அல்லது பக்கவாட்டில் இழுத்துவிட்ட பிரதி. வட்டச் சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் இரண்டாவது. டிவி ரிமோட்டில் ‘ஜூம்’, ‘ஸ்ட்ரெச்’ எதையும் தொடாதீர்கள்.

ஒலியை 5.1 (சுற்றிலும் கேட்கும் பல ஸ்பீக்கர் ஒலி) ஆக மாற்றியதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. போர்க்களச் சுருள்களில் பெரும்பாலானவை ஊமைப்படங்கள். நீங்கள் கேட்கும் குண்டுச் சத்தத்தில் பெரும்பகுதி பின்னால் சேர்த்தது. ஒலிவியரின் வர்ணனை சொற்சிக்கனமானது, ஆனால் சில இடங்களில் குரலைத் தாழ்த்திவிடுவார். ஆங்கில வசனவரியைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை வரிசையாகப் பார்ப்பதுதான் முறை. வாரம் இரண்டு என்றால் மூன்று மாதம். ஒரே நாளில் நாலு ஐந்து பார்த்தால் பதினைந்தாவதுக்கு மேல் மனசு மரத்துவிடும். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாதவர்கள், போர்க்கால ஜெர்மனி உள்ளே எப்படி இருந்தது என்று சொல்லும் 16, ஹாலந்தைப் பற்றிய 18, பிறகு 20, இந்த மூன்றை மட்டும் இதே வரிசையில் பார்க்கலாம். இருபதாவதைப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் போட வேண்டாம்.